கலையும் நாட்டின் கணக்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கலையைப் பற்றிப் பேசும்போது பணத்தை இழுத்தால் கலைஞர்களுக்குப் பிடிக்காது. பணத்தைப் பற்றிப் பேசும்போது கலையை இழுத்தால் பொருளியல்காரர்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். இரண்டு தரப்பிலிருந்தும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். சிலவற்றுக்கு நீண்ட பதில் தேவைப்பட்டது, சிலவற்றுக்கு இரண்டு வரி போதும்.

பொருளாதாரம் என்றால் வயல், ஆலை, வங்கி. பாட்டுக்கும் கூத்துக்கும் அங்கே என்ன வேலை?

அடுத்த முறை திரையரங்கில் படம் முடிந்ததும் எழுந்து ஓடாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருங்கள். திரையில் பெயர்கள் ஏறிக்கொண்டே போகும். தச்சர், மின்பணியாளர், வண்ணம் அடிப்பவர், தையற்காரர், ஓட்டுநர், சமையல்காரர், கணக்கர், வழக்கறிஞர், அப்புறம் வரைகலைக் கணினிக்காரர்கள் நூற்றுக்கணக்கில். எல்லோரும் கூலி வாங்கியவர்கள். அந்தக் கூலியில் வாடகை கொடுத்தார்கள், வரி கட்டினார்கள். மரத்தை அறுத்து நாற்காலி செய்தால் உற்பத்தி, அதே மரத்தை அறுத்து ஒரு பொய் அரண்மனை எழுப்பினால் மட்டும் பொழுதுபோக்கு என்று சொல்ல எந்தக் கணக்கிலும் இடமில்லை.

அந்தப் பட்டியலில் தெரியாத இன்னொரு கூட்டமும் உண்டு. நாற்காலியின் கால் எந்த வளைவில் இருக்க வேண்டும், கைப்பேசித் திரையில் பொத்தான் எங்கே இருக்க வேண்டும், மருந்துப் பெட்டியில் எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்கிறவர்கள். கலை படித்துவிட்டுக் கலைக்கு வெளியே வேலை செய்கிறவர்கள் இவர்கள். கணக்கெடுப்பில் கார் ஆலை ஊழியர் என்றோ வங்கி ஊழியர் என்றோதான் பதிவாகிறார்கள்.

ஜிடிபியில் கலையை எப்படி எண்ணுகிறார்கள்?

ஜிடிபி என்பது நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தி. அதில் அடிப்படை விதி எல்லாத் துறைக்கும் ஒன்றுதான். விற்றுவரவை எண்ணுவதில்லை, கூட்டிய மதிப்பை மட்டும் எண்ணுவார்கள். ஒரு பதிப்பகம் புத்தகத்தை நூறுக்கு விற்று, தாள், அச்சு, போக்குவரத்துக்கு நாற்பது வெளியே கொடுத்தால், பதிப்பகத்தின் பங்கு அறுபது. அந்த நாற்பது அச்சகத்தின் கணக்கிலும் மற்றவர்கள் கணக்கிலும் ஏற்கெனவே இருக்கிறது. இதை மறந்துவிட்டு எல்லோருடைய விற்றுவரவையும் கூட்டினால் ஒரே தாளை மூன்று முறை எண்ணிவிடுவோம். பத்திரிகைகளில் வரும் "இத்தனை ஆயிரம் கோடி தொழில்" என்ற எண்கள் பலவற்றில் நடப்பது இதுதான்.

இதைவிடச் சுவையான மாற்றம் ஒன்று 1993-ல் வந்தது. அந்த ஆண்டின் பன்னாட்டுத் தேசியக் கணக்கு முறைக் கையேடு, திரைப்படம், புத்தகம், பாடல் பதிவு போன்ற மூலப் படைப்புகளை நிலைச் சொத்தாகவே நடத்துகிறது. ஆலை இயந்திரம் எப்படிப் பல ஆண்டுகள் உழைத்து வருமானம் தருகிறதோ, அப்படித்தான் ஒரு பாடலும் என்ற எண்ணம். அமெரிக்கா 2013-ல் தன் கணக்கைத் திருத்தியபோது இந்த மூலப் படைப்புகளை முதலீடாகச் சேர்த்துக்கொண்டு, 1929 வரை பின்னோக்கிப் போய்ப் பழைய எண்களையும் மாற்றியது. அதற்கு முன்புவரை பாடல் எழுதுவது செலவுக் கணக்கில் கரைந்துபோகிற காரியமாகவே இருந்தது.

நைஜீரியாவில் நடந்தது இன்னும் வேடிக்கை. 1990-ஐ அடிப்படை ஆண்டாக, அதாவது ஒப்பிடுவதற்கான அளவுகோல் ஆண்டாக வைத்தே பல காலம் கணக்குப் போட்டுவந்தார்கள். 2014-ல் அதை 2010-க்கு மாற்றி, இடையில் வளர்ந்திருந்த தொலைத்தொடர்பு, திரைத்துறை போன்றவற்றை ஒழுங்காகச் சேர்த்தார்கள். 2013-ஆம் ஆண்டின் ஜிடிபி 89 விழுக்காடு கூடிவிட்டது. ஒரே நாளில் தென்னாப்பிரிக்காவை முந்தி ஆப்பிரிக்காவின் பெரிய பொருளாதாரம் ஆனது நைஜீரியா. அந்த ஏற்றத்தில் திரைத்துறையின் பங்கு சிறியதுதான். ஆனாலும், ஒளிநாடாவில் படம் எடுத்துத் தெருவில் விற்ற கூட்டத்தை அதுவரை நாட்டின் கணக்கு சரியாகக் கண்ணில் எடுத்துக்கொள்ளவே இல்லை.

சரி, மொத்தத்தில் எவ்வளவு தேறும்?

கலைக்கென்று தனித் துணைக்கணக்கு வைத்திருக்கும் அமெரிக்காவில், 2022-ல் கலை, பண்பாட்டு உற்பத்தி சுமார் 1.1 லட்சம் கோடி டாலர். ஜிடிபியில் 4.3 விழுக்காடு. ஆனால் இதைக் கேட்டதும் ஓவியரையும் நடனக் கலைஞரையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். இணைய ஒளிபரப்பு, தொலைக்காட்சி, மென்பொருள் வெளியீடு எல்லாம் இதில் அடக்கம். நாடகக் குழுவையும் இசைக் குழுவையும் மட்டும் எடுத்தால் மிகச் சிறிய துண்டுதான் மிஞ்சும்.

"படைப்புத் தொழில்கள்" என்ற பெயர் எங்கிருந்து வந்தது?

அரசு அலுவலகத்திலிருந்து. ஆஸ்திரேலிய அரசு 1994-ல் வெளியிட்ட பண்பாட்டுக் கொள்கை, கலையைப் பொருளாதாரத்தோடு வெளிப்படையாக முடிச்சுப் போட்டது. 1998-ல் பிரிட்டன் ஒரு படி மேலே போய் விளம்பரம், கட்டடக்கலை, கைவினை, வடிவமைப்பு, திரைப்படம், இசை, பதிப்பு என்று 13 துறைகளை ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தது. அந்தப் பதின்மூன்றில் மென்பொருளும் ஒன்று. கவிஞரும் நிரலாளரும் ஒரே வீட்டுப் பிள்ளைகளா என்று அப்போதே சண்டை. சம்பாதிக்கிற அண்ணன் வருமானத்தைக் காட்டித் தம்பிக்குப் பெண் பார்த்த மாதிரி ஆகிவிட்டது, மென்பொருளின் எண்ணைக் காட்டிக் கலையின் அருமையைப் பேசுவது. அந்தப் பட்டியலைப் பார்த்து எத்தனையோ நாடுகள் தங்கள் பட்டியலைப் போட்டுக்கொண்டன. 2021-ஐ நிலையான வளர்ச்சிக்கான படைப்புப் பொருளாதார ஆண்டாக ஐக்கிய நாடுகள் அவையே அறிவித்தது.

கலையில் ஒன்று போட்டால் நாலாகத் திரும்பும் என்கிறார்களே, உண்மையா?

பெரும்பாலும் இல்லை. கலையை விரும்புகிறவன் என்ற முறையில் இதைச் சொல்லக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கிறது.

ஒரு நகரில் கலைவிழா நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வந்தவர்கள் நுழைவுச்சீட்டு வாங்கினார்கள், சாப்பிட்டார்கள், விடுதியில் தங்கினார்கள். அந்தச் செலவையெல்லாம் கூட்டி, அந்தப் பணம் கைமாறிக் கைமாறிப் பெருகியது என்று ஒரு பெருக்கல் எண்ணையும் போட்டு அறிக்கை எழுதிவிடுவார்கள். இப்போது பின்னாலிருந்து கழித்துக்கொண்டு வாருங்கள். உள்ளூர்க்காரர் விழாவுக்கு வராவிட்டால் அதே பணத்தை அதே நகரில் வேறெதற்கோ செலவழித்திருப்பார். அது போகட்டும். வெளியூரிலிருந்து வந்தவர்களில் ஒரு பகுதியினர் எப்படியும் வருவதாக இருந்தவர்கள். அதுவும் போகட்டும். ஒலிபெருக்கி, விளக்கு எல்லாம் வெளியூர் நிறுவனத்திடம் வாடகைக்கு எடுத்தது, முக்கியக் கலைஞர் வாங்கிய தொகை அவரோடு விமானம் ஏறிவிட்டது. மீதி இருப்பதுதான் நகருக்கு வந்த புதுப் பணம். அதுவும் உண்மையான பணம்தான், ஆனால் அறிக்கையில் இருந்த எண்ணுக்குப் பக்கத்தில் அதை வைத்தால் அடையாளம் தெரியாது.

விளையாட்டு அரங்கம் கட்டும்போதும் இதே கணக்குத்தான், இதே ஓட்டைதான். கலைஞர்களே இந்தப் பெருக்கல் வாதத்தைத் தூக்கிக்கொண்டு நிதியமைச்சகத்துக்குப் போவதுதான் எனக்கு உறுத்துகிறது. பாலம் கட்டுகிறவர் இன்னும் பெரிய எண்ணோடு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் என்ன செய்வீர்கள்? எழுந்து வந்துவிடுவீர்களா?

எல்லாம் மலிவாகிக்கொண்டே போகிறது. நேரடி நிகழ்ச்சிகள் மட்டும் ஏன் விலை ஏறுகின்றன?

1966-ல் வில்லியம் பாமால், வில்லியம் போவன் என்ற இரண்டு அமெரிக்கப் பொருளியலாளர்கள் இதற்குக் கொடுத்த விளக்கத்தை இதுவரை யாரும் அசைக்கவில்லை. ஐந்து பேர் ஊதும் அரை மணி நேர இசைக்கோவையை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குத் தேவை இரண்டரை ஆள்-மணி உழைப்பு. இருநூறு ஆண்டுக்கு முன்பும் அதுதான், இன்றும் அதுதான். நாலு பேரை வைத்து ஊதினால் இசை கெடும், இருபது நிமிடத்தில் முடித்தால் ஓட்டப்பந்தயம் ஆகிவிடும். இதே காலத்தில் ஆலைத் தொழிலாளி ஒரு மணி நேரத்தில் செய்யும் பொருளின் அளவு பல மடங்கு கூடியிருக்கிறது, கூலியும் கூடியிருக்கிறது. இசைக்கலைஞருக்கும் வீட்டு வாடகை அதே சந்தையில்தான். அவர் கூலியை உயர்த்தாமல் இருந்தால் அவர் வேறு வேலைக்குப் போய்விடுவார். உயர்த்தினால், உற்பத்தி கூடாமல் செலவு மட்டும் கூடும்.

மருத்துவமனைச் செவிலியருக்கும் பள்ளி ஆசிரியருக்கும் இதே விதி பொருந்தும். மேடையில் கண்டுபிடித்த விதி இன்று கல்வி, மருத்துவச் செலவு பற்றிய விவாதங்களில்தான் அதிகம் அடிபடுகிறது. ஒலிப்பதிவும் ஒளிபரப்பும் இந்த முடிச்சை ஓரளவு அவிழ்த்தன: ஒருமுறை வாசித்ததைக் கோடிப் பேர் கேட்கலாம். ஆனால் எதிரே உட்கார்ந்து கேட்பதற்கான செலவு குறையவே இல்லை.

ரசிக்கிறவர் காசு கொடுக்கட்டும். அரசு ஏன் கொடுக்க வேண்டும்?

நியாயமான கேள்வி. ஒரு பதில் டென்மார்க்கிலிருந்து கிடைக்கிறது. கோபன்ஹேகன் அரச நாடக அரங்கைப் பற்றி 1990-களில் ஓர் ஆய்வு நடந்தது. இந்த அரங்குக்காக வரியில் எவ்வளவு கொடுக்கத் தயார் என்று மக்களைக் கேட்டார்கள். அரங்குப் பக்கமே எட்டிப் பார்க்காதவர்களும் ஒரு தொகை சொன்னார்கள். எல்லாவற்றையும் கூட்டியபோது, அரசு கொடுத்துவந்த மானியத்துக்குக் குறைவில்லாமல் வந்தது. நான் போகாவிட்டாலும் அது இருக்கட்டும், என் பிள்ளை போகலாம், நாட்டுக்கு ஒரு பெயர் என்ற எண்ணம் அது. நுழைவுச்சீட்டு விற்பனையில் இந்த மதிப்பு எங்கேயும் பதிவாகாது.

இன்னொரு பதில், புதுமை எங்கே தோன்றுகிறது என்பதைப் பற்றியது. சிறு மேடையில் தோற்றுத் தோற்று ஒருவர் கற்றுக்கொண்டதைத்தான் பிறகு பெருந்தொழில் காசாக்குகிறது. அமெரிக்காவில் பெருமந்தக் காலத்தில், 1935-லிருந்து, ஓவியர், எழுத்தாளர், இசைக்கலைஞர், நாடகக்காரர்களை அரசே கூலிக்கு வைத்துக்கொண்டது. அவர்களுக்கும் மற்றவர்களைப் போலத்தானே பசிக்கும் என்பதுதான் அன்றைய வாதம். வளர்ச்சி, ஏற்றுமதி என்று எந்தப் பேச்சும் இல்லை. அந்தக் கூலிப் பட்டியலில், பின்னாளில் உலகப் புகழ்பெற்ற ஓவியர்கள் ஜாக்சன் பொல்லாக்கும் மார்க் ரோத்கோவும் இருந்தார்கள். நாடகப் பிரிவை மட்டும் அரசியல் காரணத்துக்காக நாடாளுமன்றம் 1939-ல் மூடிவிட்டது. காசு கொடுப்பவர் கையில் கத்தரியும் இருக்கும் என்ற பயம் நியாயமானதுதான்.

பிரிட்டனில் இதற்காகவே ஓர் இடைவெளி வைத்தார்கள். பணத்தை அரசு கொடுக்கும், யாருக்கு என்பதை அமைச்சர் முடிவு செய்யமாட்டார், தனி மன்றம் முடிவு செய்யும். அந்த மன்றம் 1946-ல் உருவாகக் காரணமாக இருந்தவர் பொருளியலாளர் கெயின்ஸ். அது வேலையைத் தொடங்குமுன்பே இறந்துவிட்டார்.

பதிப்புரிமை இல்லாவிட்டால் என்ன ஆகும்?

பாட்டு ஒன்றுதான், சொத்து இரண்டு. இதைப் புரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினை விளங்கிவிடும். மெட்டும் சொல்லும் சேர்ந்தது ஒரு சொத்து: இசையமைப்பாளரும் பாடலாசிரியரும் அதன் உரிமைக்காரர்கள். அந்தப் பாட்டைக் குறிப்பிட்ட ஒரு நாளில் ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடிப் பதிந்தது இன்னொரு சொத்து: பெரும்பாலும் அது நிறுவனத்தின் கையில். வேறொருவர் அதே பாட்டைப் புதிதாகப் பாடினால் பழைய பதிவின் உரிமைக்காரருக்கு ஒன்றும் கிடைக்காது, மெட்டுக்காரருக்கும் சொல்காரருக்கும் கிடைக்கும். பாடகருக்கு? ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அது. முதல் பாட்டுக்கு வாய்ப்புக் கேட்டு நிற்கிற ஆள் ஒப்பந்தத்தின் நாற்பதாவது பக்கத்தைப் படிப்பார் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. அங்கேதான் எல்லாம் கைமாறிவிடுகிறது.

1710-ல் இங்கிலாந்தில் வந்த சட்டம்தான் உரிமையை முதலில் எழுத்தாளருக்கு என்று எழுதியது. 14 ஆண்டு, ஆசிரியர் உயிரோடிருந்தால் இன்னொரு 14. இன்று பெர்ன் என்ற பன்னாட்டுப் பதிப்புரிமை உடன்படிக்கையின்படி குறைந்த அளவே ஆசிரியரின் ஆயுளும் அதற்குமேல் 50 ஆண்டும். இவ்வளவு நீளம் தேவையா என்பது என் சந்தேகம். இறந்து அரை நூற்றாண்டு கழித்து வரப்போகும் ராயல்டியை நினைத்து யாரும் இன்றிரவு ஒரு வரி கூடுதலாக எழுதுவதில்லை.

நீளத்தைவிட, கையெழுத்துப் போட்டும் கைவிட்டுப் போகாத உரிமைதான் படைப்பாளிக்கு உதவுகிறது. பிரான்சில் 1920 முதல், ஓவியம் மறுவிற்பனையாகும்போது ஓவியருக்கு ஒரு பங்கு உண்டு. ஒரு வேளைச் சோற்றுக்கு விற்ற ஓவியம் பின்னாளில் ஏலத்தில் கொழித்தால், அவருக்கோ வாரிசுக்கோ ஏதாவது வரும். இந்தியாவில் 2012-ல் வந்த திருத்தம், திரைப்பாடலைத் திரையரங்குக்கு வெளியே பயன்படுத்தும்போது வரும் ராயல்டியில், உரிமையை வாங்கியவரோடு பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் சமபங்கு என்றது. அதை நிறுவனத்துக்கு எழுதிக் கொடுக்கவும் முடியாது.

இவ்வளவு பணம் புரள்கிறதே, பெரும்பாலான கலைஞர்கள் ஏன் சிரமப்படுகிறார்கள்?

ஷெர்வின் ரோசன் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1981-ல் எழுதிய கட்டுரை இதைத் தெளிவாகச் சொல்கிறது. நல்ல தச்சர் ஒரு நாளில் ஒரு வீட்டில்தான் வேலை செய்ய முடியும். ஆகவே இரண்டாம் நிலைத் தச்சருக்கும் வேலை இருக்கும். பதிவும் ஒளிபரப்பும் வந்தபின் நல்ல பாடகர் ஒரே நேரத்தில் எல்லா வீட்டிலும் பாடுகிறார். அவரைவிடக் கடுகளவு குறைந்தவருக்கு வருமானம் கடுகளவு குறையாது, அடியோடு போய்விடும். அப்படியும் வருகிறவர்கள் குறைவதில்லை, காசில்லாவிட்டாலும் செய்வேன் என்று நிற்கும் கூட்டம் எப்போதும் உண்டு. பேரம் பேசுகிறவருக்கு அது நன்றாகத் தெரியும்.

சில நாடுகள் இதற்கு உருப்படியாக வழி பார்த்திருக்கின்றன. ஜெர்மனியில் 1983 முதல், தனித்து வேலை செய்யும் கலைஞர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் மருத்துவ, ஓய்வூதியக் காப்பீடு இருக்கிறது. சந்தாவில் பாதியைக் கலைஞர் கட்டுகிறார், 20 விழுக்காடு அரசு, 30 விழுக்காடு கலைஞர்களின் வேலையைப் பயன்படுத்தும் நிறுவனங்கள். மாதச் சம்பளக்காரருக்கு முதலாளி கட்டுவதைப் போலவே, முதலாளி இல்லாதவருக்கு ஒரு முதலாளியை உண்டாக்கிவிட்டார்கள். எனக்குப் பிடித்த ஏற்பாடு இது.

பிரான்சில் 12 மாதத்தில் 507 மணி நேரம் மேடையிலோ படப்பிடிப்பிலோ வேலை செய்திருந்தால், வேலையில்லா நாட்களுக்கு உதவித்தொகை உண்டு. அந்த விதிகளை 2003-ல் இறுக்கியபோது கலைஞர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கி, அவிஞ்ஞோன் நாடக விழாவே ரத்தானது. அயர்லாந்து 2022-ல் 2,000 கலைஞர்களைக் குலுக்கலில் தேர்ந்தெடுத்து வாரம் 325 யூரோ கொடுத்துப் பார்த்தது. தகுதியைத் தரம் பார்த்துப் பிரிக்காமல் குலுக்கலில் விட்டதுதான் அதில் புத்திசாலித்தனம்.

தென்கொரியாவைப் போல நாமும் படத்தையும் பாட்டையும் ஏற்றுமதி செய்யலாம் என்று எல்லா நாட்டுத் தலைவர்களும் சொல்கிறார்களே?

1994-ல் அந்நாட்டு அதிபருக்கு ஓர் ஆலோசனைக் குழு அறிக்கை கொடுத்தது. ஒரே ஓர் ஹாலிவுட் டைனோசர் படத்தின் வருவாய், 15 லட்சம் ஹூண்டாய் கார்களை ஏற்றுமதி செய்வதற்குச் சமம் என்றது அது. எல்லா உரையிலும் இந்தக் கதை வரும். இதன் பிறகு நடந்ததை மட்டும் விட்டுவிடுவார்கள். 1996-ல் படங்களை முன்கூட்டியே தணிக்கை செய்வது செல்லாது என்று அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1999-ல் பண்பாட்டுத் தொழில் சட்டம் வந்தது. உள்நாட்டுப் படங்களை ஆண்டுக்கு 146 நாள் கட்டாயம் திரையிட வேண்டும் என்ற விதி 2006 வரை இருந்தது, அப்புறம் 73 ஆகக் குறைந்தது. பணம், பாதுகாப்பு, அகன்ற அலைவரிசை இணையம் எல்லாம் இருந்தன, சரி. ஆனால் சொல்ல நினைத்ததைச் சொல்லும் உரிமையும் அதோடு சேர்ந்து வந்தது. கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டே ஏற்றுமதி இலக்கு நிர்ணயிக்கிற அரசுகள் இந்தப் பாடத்தைப் படிக்க விரும்புவதில்லை.

ஓர் அருங்காட்சியகம் கட்டினால் நலிந்த நகரம் எழுந்துவிடுமா?

ஸ்பெயினின் பில்பாவோ நகரைத்தான் காட்டுவார்கள். கப்பல் கட்டும் தொழில் படுத்துப்போன ஊர். 1997-ல் ஃபிராங்க் கெரி வடிவமைத்த குகன்ஹைம் அருங்காட்சியகம் திறந்ததும் உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் அதற்கு முன்பே ஆற்றைச் சுத்தம் செய்யத் தொடங்கியிருந்தார்கள், துறைமுகத்தை ஆற்று முகத்துவாரத்துக்கு நகர்த்தினார்கள், 1995-ல் மெட்ரோ ஓடத் தொடங்கியது. புகைப்படத்தில் விழுவது மின்னும் கட்டடம் மட்டும். சாக்கடைக் குழாயை யாரும் படம் எடுப்பதில்லை. அதனால்தான் கட்டடத்தை மட்டும் நகலெடுத்த நகரங்களுக்கு இன்று பராமரிப்புச் செலவுதான் மிச்சம்.

என் பிள்ளை கலை படிக்கப் போகிறேன் என்கிறது. விடலாமா?

விடுங்கள். ஒரு நிபந்தனை மட்டும் போடலாம்: ஒப்பந்தம் படிக்கவும் கணக்கு எழுதவும் கற்றுக்கொள்ள வேண்டும்.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது. இனி இதெல்லாம் எதற்கு?

2023-ல் ஹாலிவுட் திரைக்கதை எழுத்தாளர்கள் 148 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கோரிக்கைகளில் செயற்கை நுண்ணறிவுக்குக் கட்டுப்பாடு என்பதும் ஒன்று. முடிவில் கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி, இயந்திரம் எழுதியதை எழுத்தாளரின் படைப்பாகக் கொள்ள முடியாது. இயந்திரத்தைப் பயன்படுத்தும்படி எழுத்தாளரைக் கட்டாயப்படுத்தவும் முடியாது. பயன்படுத்தலாமா என்று தனித்தனி ஆளாக யோசித்துக்கொண்டிருந்தால் அந்த வரிகள் கிடைத்திருக்காது.

அந்த 148 நாட்களில் யார் கை காய்ந்தது என்பதையும் சொல்ல வேண்டும். எழுதுகிறவர்கள் பேனாவை வைத்ததும் படப்பிடிப்புகள் நின்றன. தச்சர், ஓட்டுநர், தையற்காரர், மலர் வாடகைக்குத் தருகிறவர், படப்பிடிப்புக் குழுவுக்குச் சாப்பாடு போடுகிறவர் எல்லோரும் வேலையின்றி உட்கார்ந்தார்கள். படம் முடிந்து பெயர் ஓடும்போது நாம் எழுந்து வந்துவிடுகிறோமே, அந்தப் பட்டியல் முழுவதும்.